யாரும் கேட்காத வண்டி

எங்கள் வீட்டில் லைசென்ஸ் வைத்திருப்பவள் நான் ஒருத்திதான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இதற்காகப் பல வருடம் பேச்சு வாங்கியவள் என்ற முறையில் சொல்கிறேன். நான் வண்டி ஓட்டுவேன், என் கணவர் பின்னால் உட்கார்ந்து வருவார். சின்னமனூர்ப் பக்கம் இது ஒரு வேடிக்கை. டீக்கடையில் இருப்பவர்கள் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். "என்ன மாப்ள, டிரைவர் வச்சிட்டியா?" என்று ஒருவர் கேட்பார். "பைய ஓட்டச் சொல்லுப்பா, பயந்துறப் போற" என்பார் இன்னொருவர். என் கணவர் சிரித்துக்கொள்வார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவருக்கு வலிப்பு உண்டு. கீழே விழுந்து வெட்டி இழுக்கிற மாதிரி அல்ல. வலது கை இறுகும். கண் ஓரிடத்தில் நிலைக்கும். கூப்பிட்டால் காதில் விழாது. கொஞ்ச நேரம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். இடையில் நடந்தது அவருக்கே தெரியாது. மாத்திரை சாப்பிட்டால் பல மாதம் வராது. வராது வராது என்று நாம் மறக்கத் தொடங்கும்போது ஒருநாள் வரும்.

கல்யாணத்துக்கு முன் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. புதிதில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் கை சோற்றோடு பாதி வழியில் நின்றது. நான் பயந்து கத்தினேன். என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், அடுப்படியிலிருந்து வந்து, "ஒண்ணுமில்லத்தா, வெயில்ல நின்னுட்டு வந்திருக்கான், அசதி" என்றார். அசதி என்ற சொல்லைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். நானே அவரைத் தேனிக்கு அழைத்துப் போய் டாக்டரிடம் காட்டினேன். வண்டி ஓட்டக்கூடாது, கிணற்றில் இறங்கக்கூடாது, உயரத்தில் ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னார். இவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். சொன்னபடி நடக்கவும் செய்தார். ஓடைப்பட்டிப் பாதையில் உள்ள எங்கள் திராட்சைத் தோட்டத்துக்கு என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போவார், அல்லது பஸ்ஸில் போவார்.

நான் சின்னமனூரில் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுக் கொடுப்பேன். பழகுநர் லைசென்ஸ் கேட்டு வருகிறவர்கள் தினம் உண்டு. அந்த விண்ணப்பத்தில் உடல்நலம் பற்றிச் சில கேள்விகள் வரும். உங்களுக்கு வலிப்பு உண்டா, திடீர் மயக்கம் உண்டா என்று கேட்கும். அதற்கு நான் யாரிடமும் பதில் கேட்டதே இல்லை. எதிரில் நிற்பவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் 'இல்லை' என்று அழுத்திவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவேன். எனக்குத் தெரிந்த கடைகளில் எல்லாம் அப்படித்தான்.

அவரும் ஒருநாள் கடைக்கு வந்து, "எனக்கும் ஒண்ணு போட்டுப் பாரேன், கெடச்சாக் கெடைக்கட்டும்" என்றார். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்து நானும் பெயர், ஊர் எல்லாம் நிரப்பினேன். அந்தக் கேள்வி வந்ததும் பழக்கத்தில் என் விரல் 'இல்லை'க்குப் போனது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டிருக்குல்ல? இருக்குன்னு போடு."

"இருக்குன்னு போட்டாக் கெடைக்காதுங்க."

"அப்ப வேணாம். கேட்டதுக்குப் பொய் எழுதக்கூடாது" என்று எழுந்து போய்விட்டார்.

அன்றைக்கு அவரை நினைத்து எனக்குக் கர்வமாக இருந்தது. இவ்வளவு யோக்கியமான மனிதரை நம்பி எதையும் விடலாம் என்று நினைத்தேன்.

அவருடைய தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதிலிருந்துதான் எல்லாம் கோணியது. கோம்பைப் பக்கத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்தது. அவர்கள் எங்கள் ஊரில் வந்து விசாரிப்பார்கள் என்று அத்தைக்குப் பயம். அண்ணன்காரன் ஏன் பெண்டாட்டி வண்டியிலேயே போகிறான் என்று ஒருவர் கேட்டால் போதும், இன்னொருவர் காரணத்தைக் கிளறி எடுத்துவிடுவார். அண்ணனுக்கு இருந்தால் தங்கைக்கும் இருக்கும் என்று பேசுவார்கள். "இந்தக் கல்யாணம் முடியிற வரைக்குமாவது அவன் ஆம்பளை மாதிரி நாலு எடத்துக்குப் போய்வரட்டும்" என்று அத்தை சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

தேனியில் ஒரு கடையில் அவர் ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டரைப் பார்த்து வைத்திருந்தார். என்னையும் அழைத்துப் போனார். கடைக்காரத் தம்பி வாய் ஓயாமல் பேசினான். "இது இருபத்தஞ்சுக்கு மேல போகாது சார். மோட்டாரும் சின்னது. அதனால லைசென்ஸ் வேணாம், நம்பர் பிளேட் வேணாம். ரோட்டுல யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாக." அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. என் தொழிலில் எனக்கும் தெரிந்த விஷயம்தான். மெதுவாகப் போகிற, சிறிய மோட்டார் வைத்த அந்த வண்டி, சட்டத்தின் கணக்கில் மோட்டார் வாகனமே அல்ல.

அவர் என் பக்கம் திரும்பினார். முகமெல்லாம் வெளிச்சம். "பாத்தியா? கேக்கவே மாட்டாகளாம்."

கடைக்காரனுக்குக் கேட்காதபடி, "சட்டம் கேக்கலைன்னா டாக்டர் சொன்னது இல்லைன்னு ஆயிருமா?" என்றேன்.

"டாக்டர் சொன்னது மோட்டார் வண்டிய. இது அந்தக் கணக்குலயே வரல. யாருகிட்டயும் பொய் சொல்லாம ஓட்டலாம்ல?"

பொய் சொல்லமாட்டேன் என்று என் கையைப் பிடித்த அதே மனிதர்தான். கேட்டால் பொய் சொல்லமாட்டார். கேட்காத இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார். அன்று சாயங்காலம் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, சந்தனம் பூசி, வண்டியை வீட்டுக்குள் ஏற்றினார்கள். எங்கள் மகள், அப்போது இரண்டாம் வகுப்பு படித்தாள், முதல் ஆளாக ஏறி முன்னால் கால் வைக்கிற இடத்தில் நின்றுகொண்டாள். அதற்குப் பிறகு அது அவள் இடமாகவே ஆகிவிட்டது.

பள்ளிக்கூட வேனை அவரே நிறுத்திவிட்டார். காலையில் நான் கொண்டுபோய் விடுவேன். சாயங்காலம் நான் கடையில் இருப்பதால் அவர் போய் அழைத்து வருவார். நான் முடியாது என்றேன். சண்டை போட்டேன். ரெண்டு நாள் சமைக்காமல்கூட இருந்தேன். "எனக்கு வந்து எத்தனை மாசமாச்சு? அங்கனருந்து இங்கன வர்றதுக்குள்ள என்ன ஆயிரும்?" என்றார். அத்தை ஒரே பேச்சாக, "ஊருக்கே தண்டோரா போட்டுறாத தாயி, பூ வைக்கிறது முடியட்டும்" என்றார். நாத்தனார் என்னைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. அந்தப் பெண்ணுக்காகத்தான் நான் வாயை மூடிக்கொண்டேன்.

என்னுடைய பெட்ரோல் ஸ்கூட்டி தெருமுனையில் திரும்பினாலே எங்கள் வீட்டு நாய் எழுந்துவிடும். இந்த வண்டி வாசலில் வந்து நின்ற பிறகுதான் நாய்க்கே தெரியும். சத்தமே கிடையாது. முன்பு ஊரில் எந்த வண்டியின் சத்தத்தையும் நான் காதில் வாங்கியதில்லை. இப்போது சாயங்காலமானால் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வந்து, வராத சத்தத்துக்காகக் காத்திருப்பேன். மெயின் ரோட்டில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப்புகள் மலையிலிருந்து திரும்பி வரும் நேரம் அது. அடுத்த நடை இருக்கிறதோ இல்லையோ, அவை நிதானமாகப் போய் நான் பார்த்ததில்லை. ஒவ்வொன்றும் ஹாரன் அடித்துக்கொண்டு வரும்போது நான் வாசலுக்குப் போய்த் தெருமுனையைப் பார்ப்பேன். ஆடி மாதம் வேறு. பள்ளத்தாக்கு முழுக்கக் காற்று கதவைப் போட்டு அடிக்கும். காற்றில் பறந்து வரும் மண்ணில் எதிரே யார் வருகிறார்கள் என்றே தெரியாது.

ஒருநாள் மெயின் ரோட்டில் போலீஸ்காரர்கள் ஹெல்மெட் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். என் வண்டியை நிறுத்தி லைசென்ஸ் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. திருப்பிக் கொடுத்தவரிடம் மெல்லக் கேட்டேன். "சார், இந்த நம்பர் இல்லாத எலக்ட்ரிக் வண்டிய ஒடம்பு சரியில்லாதவுக ஓட்டலாமா?"

"அதுக்கு ஒண்ணும் வேணாம்மா. யார் வேணா ஓட்டலாம்."

"இல்ல சார், வலிப்பு மாதிரி இருந்தா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "யாருக்கும்மா?"

நாத்தனாரின் முகம் கண்முன் வந்தது. "சும்மா கேட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். சட்டம் கையெட்டும் தூரத்தில் தொப்பி போட்டுக்கொண்டு நின்றது. அது என்னைத்தான் கேட்டது, அவரைக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை சட்டம் என் பக்கம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டியில் நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முள் நாற்பதைத் தாண்டியது. மெக்கானிக்கிடம் சொல்லி வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒயரைத் துண்டித்திருக்கிறார். எங்கள் பக்கம் பாதிப்பேர் வண்டி வாங்கிய வாரமே செய்கிற வேலைதான். "மெதுவாப் போனா ஜீப்புக்காரன் மண்ணுல எறக்கி விட்டுர்றான்" என்றார்.

நான் இதுதான் சமயம் என்று பிடித்துக்கொண்டேன். "இப்ப இது மோட்டார் வாகனம். லைசென்ஸ் வேணும், நம்பர் வேணும், இன்சூரன்ஸ் வேணும். இப்ப சட்டம் கேக்குது. என்ன பதில் சொல்லப் போறீங்க?"

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். அன்றைக்கே மெக்கானிக்கிடம் போய் ஒயரை மறுபடி சேர்த்துவிட்டு வந்தார். "இனிமே சட்டப்படிதான்" என்றார். வண்டியையே விட்டுவிடுவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். எவ்வளவு ஒழுங்கான மனிதர் பாருங்கள். ஒரு விதியைக்கூட மீறாமல் எங்கள் பிள்ளையை முன்னால் நிறுத்தி ஓட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு சாயங்காலம் மகளின் இடது கையில் நீளமாக இரண்டு மூன்று கீறல்களோடு வந்தார்கள். வண்டியின் பக்கவாட்டிலும் கீறல் இருந்தது. "வாய்க்கால் பாலத்துக்கிட்ட முள்ளுச்செடி" என்றார் அவர். மகள் தலையைக் குனிந்துகொண்டு ஷூவைக் கழற்றினாள். நான் தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். எண்ணெய் பட்டு எரிந்திருக்கும். ஆனாலும் அவள் 'ஸ்' என்றுகூடச் சொல்லவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. சின்னக் கீறலுக்கும் ஊரைக் கூட்டுகிற பிள்ளை அவள்.

பூ வைத்து நிச்சயம் பண்ணுகிற நாள் வந்தது. வீடு நிறைய ஆள். வாழை இலை எடுக்கக் கொல்லைப்பக்கம் போனேன். ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருந்த ஸ்கூட்டரில் மகள் முன்னால் நின்று தனியாக விளையாடிக்கொண்டிருந்தாள். பட்டுப்பாவாடை கட்டியிருந்தாள். வாயால் ஹாரன் அடிப்பாள், சட்டென்று இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடிப்பாள், பிறகு ஒரு கையை எடுத்துச் சாவியைத் திருப்புவாள். மறுபடி முதலிலிருந்து. நான் சிரித்துக்கொண்டே, "என்னத்தா வெளையாட்டு இது?" என்று கேட்டேன்.

"வெளையாட்டு இல்லம்மா, பழகுறேன்."

"என்ன பழகுற?"

"அப்பா கை இறுகுச்சுன்னா ரெண்டு பிரேக்கையும் புடிக்கணும். அப்ப மோட்டார் நின்னுரும். வண்டி நின்னப்பெறகு சாவியத் திருப்பணும். அப்பாதான் சொல்லிக்குடுத்தாக."

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். குரலை உயர்த்தாமல், "அப்பா கை எப்பவாச்சும் இறுகுச்சா?" என்று கேட்டேன்.

"பாலத்துக்கிட்ட. அப்பான்னு கூப்பிட்டேன், பேசல. நான் பிரேக்கப் புடிச்சேன். வண்டி முள்ளுல போய்ச் சாஞ்சுச்சு. பின்னாடியே ஜீப்பு வந்துச்சும்மா, திட்டிட்டுப் போனாக. பெறகு அப்பா, ஏன் இங்கன நிக்கிறோம்னு கேட்டாக."

"ஏன் அம்மாட்ட சொல்லல?"

"அத்தைக்குக் கல்யாணம் நடக்காதுல்ல?"

ஏழு வயதுப் பிள்ளை. எதைப் பிடித்தால் மோட்டார் நிற்கும் என்று தெரிந்து வைத்திருந்தது. எதை வெளியே சொல்லக்கூடாது என்றும் தெரிந்து வைத்திருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் கொதித்தது. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவரைத் தேடி உள்ளே போவதற்குள் வாசலில் வேன் வந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு இறங்கினார்கள். அத்தை பிள்ளையை இறக்கிவிட்டு என் கையில் பன்னீர்ச் செம்பைத் திணித்தார்.

வந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம். காப்பிக்குப் பால் போதவில்லை. "ஏலே, ஒரு எட்டுப் போய் பால் வாங்கிட்டு வந்துரு" என்று அத்தை இவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் ஸ்கூட்டரை வாசலுக்குக் கொண்டுவந்திருந்தார். மகள் ஓடிப்போய்த் தன் இடத்தில் நின்றிருந்தாள். அவள் கை இரண்டும் பிரேக்கின் மேல் இருந்தன. இவ்வளவு நாளும் அதைப் பார்த்திருக்கிறேன். விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் போய் முன்சக்கரத்தை மறித்து நின்றேன். "எறங்குங்க."

"பால் வாங்கத்தான்..."

"எறங்குங்க. பிள்ளை எல்லாத்தையும் சொல்லிருச்சு."

அவர் அசையவில்லை. அத்தை ஓடிவந்து, "வந்தவுக முன்னாடி என்னத்தா இது" என்று என் கையைப் பிடித்தார். மாப்பிள்ளையின் அப்பா வாசலுக்கு வந்துவிட்டார். நல்ல மனிதர், உதவுகிற எண்ணத்தில்தான் கேட்டார். "என்ன தாயி, வண்டியில எதுவும் கோளாறா?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. இவுகளுக்கு வலிப்பு இருக்கு. வண்டி ஓட்டக்கூடாது."

சொல்லிவிட்டேன். அவர் மெதுவாக இறங்கினார். சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஜன்னல் பக்கம் நாத்தனார் நின்றிருந்தாள். தலை நிறையப் பூ வைத்திருந்தாள்.

அவர்கள் காப்பி குடித்தார்கள். மரியாதையாக விடைபெற்றார்கள். பிற்பாடு ஜாதகத்தில் ஏதோ சரியில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். அத்தை இன்றுவரை என்னிடம் நேராகப் பேசுவதில்லை. நாத்தனார் பேசுகிறாள், ஆனால் என் முகத்தைப் பார்ப்பதில்லை. அது எனக்கு வலிக்கிறது. இருந்தாலும் சொன்னதற்காக வருந்தவில்லை. அவரும் நானும் அன்று ராத்திரி பேசினோம். "பாதுகாப்புக்குத்தான சொல்லிக்குடுத்தேன்" என்றார். அதை அவர் மெய்யாகவே நம்பினார். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

ஸ்கூட்டரை விற்றுவிட்டோம். இப்போது மறுபடி என் பெட்ரோல் வண்டிதான். காலையில் மகள் முன்னால், நான் நடுவில், அவர் பின்னால். போன வாரம் அதே போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். "என்னம்மா, மூணு பேரு போறீங்க? நாலு வயசு தாண்டின பிள்ளையும் ஒரு ஆள் கணக்குத்தான், தெரியாதா?"

தெரியும். அந்த விதியும் எனக்குத் தெரியும். பிள்ளையை நிறுத்தி ஓட்டியதை யாரும் கேட்காத வண்டி ஒன்று இருந்தது. கேட்கிற வண்டி இது.

போலீஸ்காரர் பின்னால் எட்டிப் பார்த்தார். "ஏன் சார், நீங்க ஒரு வண்டி எடுத்துத் தனியா வரலாம்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் முதுகுக்குப் பின்னால் அவர் குரல் தெளிவாக வந்தது. "எனக்கு வலிப்பு இருக்கு சார். ஓட்டக்கூடாது."

கேட்டார்கள், சொல்லிவிட்டார். போலீஸ்காரர் அபராதம் எழுதாமல், "சரி சார், நீங்க பஸ்ல வாங்க" என்று மட்டும் சொன்னார். என் கணவர் இறங்கி, மகளின் தலையைத் தடவிவிட்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். ரொம்ப நாளுக்குப் பிறகு அவர் மேல் எனக்குப் பாசம் பொங்கியது. எல்லாம் இனி மெல்லச் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினேன்.

வாய்க்கால் பாலம் நெருங்கும்போது எதிரே ஒரு ஜீப் வந்தது. மகள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல்கள் இரண்டு பக்கமும் பிரேக்கின் மேல் இருந்தன.

"அம்மாவுக்கு அதெல்லாம் வராதுத்தா. கையை எடுத்துட்டு ரோட்டைப் பாரு" என்றேன்.

"நீ ரோட்டைப் பாரும்மா" என்றாள் அவள். கையை எடுக்கவில்லை.